மோவாய் பிரச்சினையா, தாடை பிரச்சினையா? இம்பிளான்ட், ஜீனியோபிளாஸ்டி, தாடை அறுவை – எது யாருக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து வருது. அவருக்கு 26 வயசு. பக்கவாட்டுல எடுத்த போட்டோவுல தாவாங்கட்டை உள்ளே போன மாதிரி தெரியுதுன்னு மூணு இடத்துல போய்க் கேட்டிருக்கார். முதல் இடத்துல, ‘சின்னதா ஒரு இம்பிளான்ட் வெச்சா போதும், ஒரு மணி நேர வேலை’ன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டாவது இடத்துல, ‘எலும்பை வெட்டி முன்னாடி நகர்த்தணும்’னு. மூணாவது இடத்துல, ‘மொத்தத் தாடையையே முன்னாடி கொண்டு வரணும், அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல பல்லுக்கு கிளிப் போடணும்’னு. ஒரே முகத்துக்கு மூணு பதில். இதுல எது நல்லதுன்னு கேட்டிருந்தார்.

கடைசியில, சும்மா சொல்ற மாதிரி ரெண்டு தகவலும் எழுதியிருந்தார். ஸ்கூல் படிக்கும்போது நாலு பல்லை எடுத்துட்டு கிளிப் போட்டிருக்காங்க. ராத்திரி குறட்டை தாங்கலன்னு ரூம்மேட்ஸ் கிண்டல் பண்றாங்க. இந்த ரெண்டு வரியையும் ஞாபகம் வெச்சுக்குங்க. கேள்வியைவிட இது முக்கியம்.

நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். இங்கே சொல்றது சிகிச்சை ஆலோசனை கிடையாது. டாக்டர் முன்னாடி உட்காரும்போது என்ன கேட்கணும்னு தெரிஞ்சிருக்கணும், அதுக்குத்தான் இந்த எபிசோட்.

மோவாய் வேற, தாடை வேற

கீழ்த்தாடைன்னா குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச மொத்த எலும்பு. கீழ்ப்பல் எல்லாம் அதுலதான் இருக்கு. ரெண்டு முனையும் காதுக்கு முன்னாடி இருக்கிற மூட்டுல போய் மாட்டிக்கும். அந்த எலும்போட முன் நுனி, பல்லுக்குக் கீழே துருத்திட்டு இருக்கிற பகுதி, அதுதான் மோவாய். நம்ம ஊர்ல தாவாங்கட்டைன்னு சொல்றது.

வெளியிலிருந்து பார்க்கும்போது ‘தாவாங்கட்டை சின்னது’ன்னு தெரியறதுக்குக் குறைஞ்சது மூணு காரணம் இருக்கலாம்.

ஒண்ணு, தாடை சரியான இடத்துல இருக்கு, பல்வரிசை சரியா சேருது, ஆனா நுனி எலும்பு மட்டும் போதுமான அளவு வளரல. இது மோவாய்ப் பிரச்சினை.

ரெண்டு, மொத்தத் தாடையே பின்னாடி இருக்கு. பல், நாக்கு, மோவாய் எல்லாம் சேர்ந்து பின்னாடி. இது தாடைப் பிரச்சினை. மோவாய் அதுல ஒரு பாகம், அவ்வளவுதான்.

மூணு, எலும்பு நல்லாத்தான் இருக்கு. மோவாய்க்குக் கீழே கழுத்துல கொழுப்பு சேர்ந்ததால தாடைக்கோடு மறைஞ்சுபோச்சு. இதுக்கு எலும்புல கை வைக்கவே வேண்டாம்.

அந்த நேயருக்குச் சொன்ன மூணு பதிலும் வேற வேற பிரச்சினைக்கான பதில்கள். நமக்கு எந்தப் பிரச்சினைன்னு தெரியாம தீர்வுகளை வரிசையா வெச்சு ஒப்பிடறது, எரர் என்னன்னு பார்க்காம கோடை மாத்தற மாதிரி.

கண்ணாடியும் செல்ஃபியும் போதாது

முதல் பரிசோதனை வீட்டிலேயே பண்ணலாம். கடைவாய்ப் பற்கள் நல்லா சேரும்படி கடிச்சு, உதட்டை விலக்கிப் பாருங்க. மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்கு 2–3 மி.மீ. முன்னாடி இருந்தா இயல்பு. ஒரு விரல் நுனி நுழையற அளவுக்கு இடைவெளி இருந்தா, தாடை பின்னாடி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. பல் சரியா சேருதுங்கறதுக்காக தாடை சரியா இருக்குன்னு அர்த்தம் கிடையாது. தாடை பின்னாடி இருக்கும்போது, அந்தக் குறையை ஈடுகட்ட கீழ்ப்பற்கள் தானாகவே முன்னாடி சாயும். இல்லன்னா டாக்டரே மேல்வரிசையில பல் எடுத்து, முன்பல்லை உள்ளே இழுத்து இடைவெளியை மூடியிருப்பார். அது தப்பான சிகிச்சை இல்ல, பல நேரம் பொருத்தமான சிகிச்சைதான். ஆனா அதுல பல்தான் நகருது, தாடை பின்னாடியேதான் இருக்கு. அதனால சின்ன வயசுல பல் எடுத்து கிளிப் போட்டவங்க, அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டு போகணும்.

சரியான பதில் பக்கவாட்டு மண்டை எக்ஸ்ரேயில கிடைக்கும். செஃபலோகிராம்னு பேரு. 1931-லிருந்து பயன்பாட்டுல இருக்கு. அமெரிக்காவுல பிராட்பென்ட்டும் ஜெர்மனியில ஹோஃப்ராத்தும் ஒரே வருஷத்துல தனித்தனியா வெளியிட்டாங்க. தலையை ஆடாம நிறுத்தி, நிலையான தூரத்துல எடுக்கிற எக்ஸ்ரே. அதுல புள்ளிகளைக் குறிச்சு கோணம் அளப்பாங்க. எஸ்.என்.பி.ன்னு ஒரு கோணம் உண்டு, சராசரியா சுமார் 80 டிகிரி. இதுல ‘பி’ங்கற புள்ளி கீழ்த்தாடையோட முன்பக்கத்துல, மோவாய்க்கு மேலே, உள்வாங்கின இடத்துல இருக்கும். மோவாயோட முன் நுனிக்கு பொகோனியன்னு தனிப் புள்ளி. அதாவது தாடை எங்கே இருக்கு, மோவாய் எங்கே இருக்குன்னு ரெண்டையும் பிரிச்சு அளக்க முடியும். பி புள்ளி சரியான இடத்துல இருந்து பொகோனியன் மட்டும் பின்னாடி இருந்தா, பிரச்சினை மோவாயில. பி புள்ளியே பின்னாடி இருந்தா, தாடையில.

செல்ஃபியைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2018-ல் ‘ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி’ங்கற மருத்துவ இதழ்ல ஒரு கணக்கு வந்துச்சு. சுமார் 30 செ.மீ. தூரத்துல எடுக்கிற செல்ஃபியில மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியும். 1.5 மீட்டர் தள்ளி எடுத்தா அந்த மாற்றம் அநேகமா இருக்காது. கேமராவுக்குப் பக்கத்துல இருக்கிறது பெருசாகும், தள்ளி இருக்கிறது சின்னதாகும். மூக்கு பெருசு, மோவாய் சின்னதுன்னு நம்ம எடுக்கிற முடிவுல பாதி லென்ஸோட வேலை. தள்ளி நின்னு, தலை நேரா வெச்சு, இன்னொருத்தரை எடுக்கச் சொல்லுங்க.

ஃபில்லரும் கொழுப்பும்

இது ரெண்டையும் சீக்கிரம் பார்த்துடலாம், ஏன்னா ரெண்டும் எலும்புக்கான நிரந்தரத் தீர்வு இல்ல.

ஃபில்லர்னா பெரும்பாலும் ஹையலூரானிக் அமில ஜெல். ஊசியில போட்டு மோவாயை முன்னாடி தள்ளிக் காட்டலாம். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும், அதனால ஒரு வருஷம் முன்னப் பின்ன திரும்பப் போடணும். பிடிக்கலன்னா ஹையலூரானிடேஸ்ங்கற மருந்தால கரைக்கவும் முடியும். ‘மாத்திப் பார்த்தா எப்படி இருக்கும்’னு பார்க்க இது ஒரு வழி. ஆபத்து, ஊசி தப்பி ரத்தக் குழாய்க்குள்ள ஜெல் போறதுதான். அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம். அரிதா பார்வையே போகலாம். ப்யூட்டி பார்லர்ல போட்டுக்கிற விஷயம் இல்ல இது.

உடம்புல வேற இடத்துல இருந்து கொழுப்பை எடுத்து மோவாயில வைக்கிறதும் உண்டு. வெச்சதுல ஒரு பங்கு கரைஞ்சுபோகும். எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது.

இம்பிளான்ட்: மேலே ஒரு அடுக்கு

பல் கட்டற இம்பிளான்ட்டோட இதைக் குழப்பிக்க வேண்டாம். இது மோவாய் எலும்பு மேலே உட்கார வைக்கிற ஒரு துண்டு. பெரும்பாலும் கெட்டியான சிலிகான், இல்லன்னா நுண்துளை உள்ள பாலிஎத்திலீன். ஸ்கேன் எடுத்து நம்ம எலும்புக்குப் பொருந்தற மாதிரி தனியா செஞ்சு வைக்கிறதும் இப்ப இருக்கு.

மோவாய்க்குக் கீழே சின்னதா வெட்டி வைப்பாங்க, இல்ல கீழ் உதட்டுக்கு உள்பக்கமா வைப்பாங்க. கீழே வெட்டினா ஒரு சின்னத் தழும்பு. உள்பக்கமா வெச்சா தழும்பு வெளியே தெரியாது, ஆனா வாயில கிருமி அதிகம். எலும்பை வெட்டற வேலை இல்லாததால, பல பேருக்கு முழு மயக்கம் இல்லாமலே பண்ண முடியும். தேறி வர்றதும் சீக்கிரம்.

இது எங்கே பொருந்தும்? பிரச்சினை மோவாய் நுனியில மட்டும் இருக்கணும், குறை லேசாவோ நடுத்தரமாவோ இருக்கணும், முன்னாடி வந்தா மட்டும் போதும்ங்கற நிலையா இருக்கணும். மோவாயோட உயரத்தை இது குறைக்காது.

கெட்டது என்ன? அது உடம்புக்கு வெளிப்பொருள். தொற்று வந்தா பல நேரம் எடுத்துத்தான் ஆகணும், அது பல வருஷம் கழிச்சும் வரலாம். இடம் நகர்ந்து கோணலாகலாம். அடியில இருக்கிற எலும்பு அழுத்தத்துல ஓரிரு மி.மீ. தேயறது எக்ஸ்ரேயில அடிக்கடி தெரியும்; பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. ஆனா துண்டு மேலே ஏறி உட்கார்ந்துட்டா, பல் வேர் பக்கம் தேய வாய்ப்பு இருக்கு. சிலிகானை எடுக்கறது சுலபம். பாலிஎத்திலீன் துளைகளுக்குள்ள நம்ம திசு வளர்ந்துடும்; அதனால நல்லா பிடிச்சுக்கும், அதே காரணத்தால எடுக்கறதும் கஷ்டம்.

ஜீனியோபிளாஸ்டி: நம்ம எலும்பையே நகர்த்தறது

இது மோவாய் எலும்பைக் குறுக்கா அறுத்து, நுனித் துண்டை மேசை டிராயர் மாதிரி முன்னாடி இழுத்து, டைட்டானியம் தகடும் ஸ்குரூவும் போட்டு நிறுத்தறது. 1942-ல் ஓட்டோ ஹோஃபர் இந்த வெட்டை விவரிச்சார், அது வெளித்தோல் வழியா. 1957-ல் ட்ரவுனரும் ஓப்வெகேசரும் வாய்க்குள்ளிருந்தே பண்ற முறையை வெளியிட்டாங்க. இன்னைக்குப் பண்றது அந்த வழிதான். வெளியே தழும்பு கிடையாது, ஆனா முழு மயக்கம் வேணும்.

இதோட பலம் திசைகள்ல இருக்கு. முன்னாடி மட்டும் இல்ல, நடுவுல ஒரு பட்டை எலும்பை எடுத்து நீளமான மோவாயைக் குறைக்கலாம், இடைவெளி விட்டு குட்டையானதை நீட்டலாம், ஒரு பக்கம் கோணலா இருந்தா நடுவுக்குக் கொண்டு வரலாம். எலும்பு 10 மி.மீ. நகர்ந்தா வெளியே தோல் சுமார் 8 முதல் 9 மி.மீ. நகரும், அதனால கணக்குப் போட்டுத் திட்டமிடலாம். நகர்ந்த துண்டு தசையோட ஒட்டிட்டு இருக்கறதால ரத்த ஓட்டம் நிக்காது. எலும்பு கூடிருச்சுன்னா அது நம்ம எலும்புதான், வாழ்நாள் முழுக்க.

விலை என்ன? முதல்ல நரம்பு. கீழ் உதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்வு தர்ற நரம்பு, கீழ்க் கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னாடி இருக்கிற ஒரு சின்ன ஓட்டை வழியா வெளியே வருது. வர்றதுக்கு முன்னாடி எலும்புக்குள்ள கொஞ்சம் கீழே இறங்கித்தான் மேலே ஏறும். அதனாலதான் அந்த ஓட்டைக்கு 5–6 மி.மீ. கீழேயே அறுக்கறாங்க. நரம்பு அறுபடலன்னாலும் இழுபடும். உதடும் மோவாயும் சில வாரம், சில மாசம் மரத்துப்போறது சகஜம். சிலருக்கு ஒரு பகுதி முழுசாத் திரும்பாது. ‘மரத்துப்போறதெல்லாம் வராது’ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னா, அங்கேயே எழுந்துடுங்க.

அடுத்து, நகர்த்தின இடத்துல தாடை ஓரத்துல ஒரு படி மாதிரி பள்ளம் தெரியலாம். மோவாயைத் தூக்கிப் பிடிக்கிற மென்டாலிஸ் தசையைத் திரும்பச் சரியாத் தைக்கலன்னா, தோல் கீழே தொங்கும். இது இம்பிளான்ட்டை வாய் வழியா வைக்கும்போதும் பொருந்தும். உதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவுல உள்ள மடிப்பு ஏற்கெனவே ஆழமா இருந்தா, மோவாய் முன்னாடி வரவர அது இன்னும் ஆழமாகும். ஜீனியோபிளாஸ்டியில மோவாயைக் கொஞ்சம் கீழேயும் இறக்கி இதைச் சமாளிக்கலாம். சாதாரண இம்பிளான்ட்டுல அந்த வசதி இல்ல.

சுருக்கமாச் சொன்னா, குறை சின்னது, முன்னாடி மட்டும் வந்தா போதும், பெரிய ஆபரேஷன் வேண்டாம்னா இம்பிளான்ட். குறை பெருசு, உயரமோ கோணலோ சேர்ந்திருக்கு, உடம்புக்குள்ள வெளிப்பொருள் ஒட்டு அதிகம் வேண்டாம்னா ஜீனியோபிளாஸ்டி. ரெண்டுலயும் கடி மாறாது, பல் நகராது.

தாடையே பின்னாடி இருந்தா

இங்கேதான் மூணாவது டாக்டரோட பதில் வருது. இந்த அறுவையில கீழ்த்தாடையை ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி நீளவாக்குல பிளந்து, பல்லோட சேர்த்து மொத்தமா முன்னாடி கொண்டு வருவாங்க. சுவாரசியம் என்னன்னா, இதையும் வெளியிட்டது அதே ட்ரவுனர்–ஓப்வெகேசர், அதே 1957 கட்டுரையில. 1961-ல் டால் பான்ட் அதைத் திருத்தி மேம்படுத்தினார்.

பல் சேர்ந்து நகர்றதால, கடியை முன்கூட்டியே தயார்ப்படுத்தணும். பொதுவா ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கிளிப், அப்புறமும் சில மாசம். அந்தக் கிளிப் பல்லோட ‘ஈடுகட்டலை’ எல்லாம் கழட்டும். முன்னாடி சாய்ஞ்ச கீழ்ப்பல்லை நிமிர்த்தும். அதனால ஆபரேஷன் வரைக்கும் முகம் முன்னாடி இருந்ததைவிட மோசமாத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லலன்னா பாதியில பயந்துடுவாங்க.

நரம்பு ஆபத்தும் இங்கே அதிகம், ஏன்னா பிளக்கிற எலும்புக்குள்ளேயே அந்த நரம்பு ஓடுது. வயசு கூடக் கூட உணர்வு திரும்பற வாய்ப்பு குறையும். சில வாரம் மெல்ல வேண்டாத சாப்பாடுதான். கஞ்சி, ஜூஸ், குழைஞ்ச சாதம். தேவைப்பட்டா ஜீனியோபிளாஸ்டியையும் அதே நேரத்துல சேர்த்துப் பண்ணுவாங்க.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு இம்பிளான்ட் வெச்சு மறைச்சா ஆகாதா? சில பேருக்கு ஆகும். கடி பரவாயில்ல, மூச்சுல பிரச்சினை இல்ல, தோற்றம் மட்டும்தான் கவலைன்னா, எல்லாம் தெரிஞ்சே மறைக்கிறது நியாயமான தேர்வுதான். ‘தெரிஞ்சே’ங்கறதுதான் முக்கியம்.

குறட்டை எங்கே வருது

நாக்கு தாடையோட உள்பக்கத்துல ஒட்டியிருக்கு. தாடை பின்னாடி இருந்தா நாக்கும் பின்னாடி, தொண்டையில மூச்சுப் பாதை குறுகும். தூங்கும்போது தசை தளர்ந்தா அந்தப் பாதை திரும்பத் திரும்ப மூடிக்கும். இதுதான் ஸ்லீப் ஆப்னியா. சத்தமான குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறி எழறது, காலையில தலைவலி, ஆபீஸ் மீட்டிங்ல கண் சொருகறது. குண்டா இருக்கிறவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்கிறோம். தாடை சின்னதா இருந்தா ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். சிகிச்சை பெரும்பாலும் சிபாப் மெஷின்ல ஆரம்பிக்கும். பொருத்தமானவங்களுக்கு மேல்தாடை, கீழ்த்தாடை ரெண்டையும் சுமார் 10 மி.மீ. முன்னாடி கொண்டு வர்ற அறுவையும் உண்டு.

இம்பிளான்ட் எலும்புக்கு வெளியே உட்காருது. மூச்சுப் பாதையில ஒரு மி.மீ. கூட மாத்தாது. ஜீனியோபிளாஸ்டியில நாக்குத் தசை ஒட்டியிருக்கிற எலும்பு கொஞ்சம் முன்னாடி வரலாம், ஆனா அது தாடையை நகர்த்தறதுக்குச் சமம் இல்ல.

இன்னொண்ணு. மயக்க மருந்து டாக்டர்கள் மூச்சுக்குழாய்க் குழல் போடறது கஷ்டமா இருக்குமான்னு முகத்தைப் பார்த்தே எடை போடுவாங்க. பின்வாங்கின தாடை அதுல ஒரு எச்சரிக்கை. கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, குரல்வளை மேட்டுக்கும் மோவாய்க்கும் நடுவுல உள்ள தூரத்தையும் அளப்பாங்க. அது சுமார் 6 செ.மீ.க்குக் குறைஞ்சா உஷாராகிடுவாங்க. இம்பிளான்ட் வெச்சா வெளியே பார்க்கத் தாடை இயல்பா இருக்கும், அந்த அளவும் கூடும், உள்ளே பாதை அதேதான். அதனால இம்பிளான்ட் வெச்சவங்க, இருபது வருஷம் கழிச்சு குடல்வால் ஆபரேஷனுக்குப் போனாலும், மயக்க மருந்து டாக்டர்கிட்ட அதைச் சொல்லணும்.

யார்கிட்ட, எவ்வளவு

பி.டி.எஸ். முடிச்சு எம்.டி.எஸ்.ல வாய்–முக–தாடை அறுவை படிச்சவங்க ஒரு வகை. எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., அப்புறம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி முடிச்சவங்க இன்னொரு வகை. மோவாய் வேலையை ரெண்டு பேரும் பண்றாங்க. தாடைப் பிரச்சினைன்னா கிளிப் போடற ஆர்த்தோடான்டிஸ்ட்டும் தாடை அறுவை டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடணும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் இந்தத் துறைகள் இருக்கு. கையில காசு இல்லைங்கறதுக்காக பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தியாவுல ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் அழகுக்கான அறுவையைப் பொதுவா விலக்கிடும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பும், மருத்துவரீதியா அவசியம்னு டாக்டர் சான்று தர்றதும் விதிவிலக்கு. ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட், கடி பத்தின பதிவு எல்லாம் அங்கேதான் உதவும். ஆபரேஷனுக்கு முன்னாடியே கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டியவை:

1. என் பிரச்சினை மோவாயிலா, தாடையிலா, கழுத்துக் கொழுப்பிலா? எக்ஸ்ரேயில காட்டுங்க.
2. கடி இயல்பாவே சரியா இருக்கா, இல்ல பல் ஈடுகட்டி இருக்கா?
3. எனக்குக் குறட்டை இருக்கு. ஸ்லீப் ஸ்டடி பண்ணணுமா?
4. நீங்க இந்த மூணு வழியையும் பண்றீங்களா, ஒண்ணு மட்டும்தானா?
5. உங்க பேஷன்ட்டுகள்ல எத்தனை பேருக்கு உணர்வு முழுசாத் திரும்பல?
6. பிடிக்கலன்னா திரும்ப எப்படி மாத்துவீங்க?

நாலாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஒரே வழியை மட்டும் பண்ற இடத்துல, வர்ற எல்லாருக்கும் அந்த வழி பொருந்தற மாதிரிதான் தெரியும்.

ரெண்டு சின்ன விஷயம். வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு எலும்பு அறுவையில அவசரம் வேண்டாம். பதின்ம வயசுல தாடையோட நிலையைத் திருத்த உதவற கருவிகள் இருக்கு, அதுக்கு ஆர்த்தோடான்டிஸ்ட்டைச் சீக்கிரம் பார்க்கணும். அப்புறம், நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாடியே நிக்கற அளவுக்கு இந்தக் கவலை பெருசாயிருந்தா, முதல்ல பேச வேண்டியது மனநல ஆலோசகர்கிட்ட. அந்தக் கவலையை எந்த ஆபரேஷனும் தீர்க்காது.

இனி நம்ம நேயருக்கு. பல் எடுத்து கிளிப் போட்டிருக்கீங்க, அதனால உங்க கடி சரியா இருக்கிறதை வெச்சு தாடை சரின்னு முடிவு பண்ண முடியாது. குறட்டை இருக்கு, அதனால மூச்சுப் பாதையைப் பார்க்காம மோவாயைத் தொட வேண்டாம். முதல்ல செஃபலோகிராம், அப்புறம் ஸ்லீப் ஸ்டடி. ரெண்டு ரிப்போர்ட்டும் கையில இருந்தா, மூணு டாக்டர்ல யார் உங்க பிரச்சினையைப் பத்திப் பேசறாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். ஒருவேளை எல்லாம் இயல்புன்னு வந்தா, அந்த ஒரு மணி நேர இம்பிளான்ட்டே உங்களுக்குச் சரியான பதிலா இருக்கலாம். வேண்டாம்னு விட்டுட்டு தாடி வளர்க்கறதும் ஒரு பதில்தான்.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.